ஒரு பகற்பொழுதில் துப்ரோவ்னிக்



குரோவேசிய நாட்டின் தென்கோடியில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் மதில் சூழ்ந்து நிற்கும் துறைமுக நகரம் துப்ரோவ்னிக். ரகுசா என்பது அதன் பழம்பெயர். பிரெஞ்சுப் படையினர் 1808இல் கலைக்கும் வரை அது தனிக் குடியரசாய் விளங்கிற்று. 1377இல் அந்நகரின் ஆட்சிமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர், அயலிலுள்ள மர்க்கான் தீவிலோ சாவ்தாத் ஊரிலோ ஒரு திங்கள் தங்கிய பின்னரே நகருள் புகலாம். ஒரு திங்கள் பின்னாளில் நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ பிறந்தது. வந்தவரை அவ்வளவு காலம் காக்கவைத்த நகருக்கு, இன்று உல்லாசக் கப்பலில் வருவோர் ஒரு பகலை மட்டுமே தருகின்றனர்.

அந்தப் பகலும் முழுமையாய்க் கிட்டுவதில்லை. பெருங்கப்பல்கள் பெரும்பாலும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அப்பாலுள்ள குரூஷ் துறையில்தான் நிற்கும். பேருந்தேறிப் பழைய நகரின் பீலே வாயிலை அடைய வேண்டும். புறப்படும் நேரத்திற்கு அரைமணி முன்னரேனும் கப்பலுக்குத் திரும்பிவிடல் வேண்டும். எட்டு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பது பயணியின் கையில் ஆறாய்ச் சுருங்கிவிடும். அதற்குள் ஸ்ர்ஜ் மலைக்குக் கம்பிவட ஊர்தியும் லோக்ரூம் தீவுக்குப் படகும் ஏற முனைவோர் வரிசைகளைத்தாம் கண்டு மீள்வர். அவ்விரண்டையும் தயங்காது விட்டுவிடலாம்.

மதிலில் ஏறுவது வெயில் ஏறுமுன் நடக்க வேண்டிய காரியம். 1,940 மீட்டர் நீளம், ஒருவழிப் பாதை, நிழல் அரிது. நின்று பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கீழே தெரியும் கூரைகளில் பெரும்பாலானவை பளிச்சென்று சிவந்திருக்கும். இடையிடையே சில வெளிறியிருக்கும். வெளிறியவையே பழைய ஓடுகள். 1991ஆம் ஆண்டு முற்றுகையில், குறிப்பாக டிசம்பர் 6ஆம் நாள், குண்டுகள் விழுந்தன. பழைய நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அடிபட்டன. இதை அறியாதவர் அந்தச் சிவப்பை அழகென்று படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

மதிலிலிருந்து இறங்கியதும் குண்டுலிச் சதுக்கம். நண்பகலுக்குள் போய்விட வேண்டும். காய்கனிச் சந்தை அதன்பின் கலையத் தொடங்கிவிடும். உலர்ந்த அத்திப்பழம் விற்கும் மூதாட்டியருக்கு நடுவே, 1893இல் நிறுவிய சிலையாய் நிற்பவர் கவிஞர் இவான் குண்டுலிச். அவர் பாடிய ‘ஒஸ்மான்’ காவியத்தின் காட்சிகள் பீடத்தில் செதுக்கப்பட்டுள்ளன. இருபது காண்டங்கள் கொண்ட அந்நூலில் 14, 15ஆம் காண்டங்கள் இல்லை. 1638இல் அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் கடந்தபின், மஜுரானிச் என்னும் கவிஞர் அவ்விரண்டையும் பாடி நிரப்பினார். 1844இல் நூல் நிறைவுற்று வெளிவந்தது. வேறெதைத் துறந்தேனும் இச்சந்தையில் ஒரு மணி நேரம் நிற்றல் தகும்.

எஞ்சும் பொழுதுக்குப் பிளோச்சே வாயிலுக்கு வெளியே லாசரெட்டி உண்டு. வணிகரும் அவர்தம் சரக்கும் காத்துக்கிடந்த 17ஆம் நூற்றாண்டுக் கற்கூடங்கள் இன்று கலை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகின்றன. அங்கிருந்து பீலே வாயிலுக்குத் திரும்பி நடக்கக் கால் மணி நேரமும், மாலை நெரிசலில் பேருந்துக்கு நிற்க அதனினும் மிகுதியாகவும் ஒதுக்கிவைத்தல் வேண்டும்.