ஏரி நீருக்கு ஓர் எல்லை வேண்டும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரியும் குளமும் நம் ஊர்களின் பொதுச் சொத்து. அவற்றின் நீர் வயலுக்குப் பாய்கிறது. மீன் பாசிக் குத்தகை பொது நிதிக்கு உதவுகிறது. கோடையில் ஒரு நாள் காலை, மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வெப்பம் தாங்காமல் மடிந்தன என்று கூறிப் புதைத்து விடுகிறோம். சாக்கடை வந்து விழும் ஏரிகளில் அக்காரணம் பாதியே உண்மை. மறு பாதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே மீனுக்கு மூச்சு. 30 டிகிரி வெப்பமுள்ள நீர், லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் பிராணவாயுவையே காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ள வல்லது. சாக்கடை அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இந்தப் பிராணவாயு செலவாகிறது. அச்செலவைக் கொண்டே கழிவு நீரின் கெடுதி அளக்கப்படுகிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலுள்ள பொது அளவின்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவு நீருக்கு இது லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

இத்தகைய எல்லைக்கு வழிகாட்டியது 1912இல் இங்கிலாந்தின் அரச ஆணையம் வகுத்த 20 மில்லிகிராம் என்னும் அளவாகும். கழிவு நீர் ஒரு பங்குக்குத் தூய ஆற்று நீர் எட்டுப் பங்காவது இருக்கும் என்று கருதியே அதை வகுத்தனர். சித்திரை, வைகாசியில் நம் ஏரியில் அந்த எட்டுப் பங்கு எங்கே? வரத்துக் கால்வாயில் வருவது கழிவு நீர் மட்டுமே. வரவு 7.5, செலவு 30. இத்தகைய கணக்கில் எந்தக் குடும்பமும் நிலைக்காது, ஏரியும் நிலைக்காது.

கலந்து கரைக்கப் போதிய நீரில்லாத ஆறு என்னவாகும் என்பதற்கு நொய்யலே சான்று. பாசனத்துக்கென்று கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவின் உப்பு நீர் தேங்கியது. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. நிலமும் நீரும் கெட்ட பின்னரே அத்தீர்ப்பு வந்தது.

ஆகவே, எல்லையைக் குழாயின் வாயில் மட்டும் வைத்தால் போதாது. மீன் வாழும் நீரிலேயே வைத்தல் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன் வளத்துக்குரிய நீரின் தகுதியைக் கூறியுள்ளது. பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. கார அமில நிலையைக் காட்டும் பி.எச். எண் 6.5 முதல் 8.5க்குள் இருக்க வேண்டும். தனி அம்மோனியா, நைட்ரஜன் கணக்கில், 1.2 மில்லிகிராமுக்கு மிகலாகாது.

இவ்வளவுகளை எவ்வேளையில் சோதிப்பது என்பதும் முக்கியம். பாசி படர்ந்த ஏரியில் நடுப்பகலில் பிராணவாயு மிகுந்து காணும். பாசியும் இரவில் மூச்சு விடுவதால், விடியுமுன் அது மிகக் குறைந்திருக்கும். எனவே பிராணவாயுவை விடியற்காலையில் அளக்க வேண்டும். அம்மோனியாவின் தன்மை வேறு. பி.எச். 7லிருந்து 8 ஆனால் நஞ்சாகும் தனி அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். பாசியால் பி.எச். உயர்வது பிற்பகலில், ஆதலால் அதை அப்போது அளக்க வேண்டும். விரால் நீந்துகிறதே, நீர் நல்லதுதானே என்று எண்ணலாகாது. விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். கட்லாவும் ரோகுவும் அவ்வாறு பிழைக்க மாட்டா.

இவ்வெல்லையை விதிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கழிவு நீருக்கு மட்டுமன்றி, அதனை ஏற்கும் நீரின் தரத்துக்கும் அளவு வகுக்கும் கடமையை மாநில வாரியத்துக்கு அளித்துள்ளது. கேட்க வேண்டியவர்கள் நாம். கேட்பதற்குக் கணக்கு வேண்டும்.

ஒவ்வோர் ஊராட்சியும் ஓர் ஏரிப் பதிவேடு திறக்கட்டும். கழிவு நுழையும் இடம், ஏரியின் நடு, மதகு ஆகிய மூன்றிடங்களில் மாதம் இருமுறை சோதித்து, நாளும் வேளையும் குறித்து எழுதட்டும். பள்ளி ஆசிரியரும் மீன் குத்தகைதாரரும் இதற்கு உதவலாம். ஓராண்டுப் பதிவை மார்ச் 22ஆம் நாள் கிராம சபையில் படித்துத் தீர்மானம் நிறைவேற்றி, வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவோம். செத்த மீனைக் காட்டி முறையிடுவதைவிட, மீன் சாகுமுன் ஏட்டைக் காட்டி உரிமை கேட்பது மேலன்றோ?

முன்னோர் மழை நீருக்கு அளவறிந்து கலிங்கு கட்டினர். அழுக்குக்கு அளவு கட்டுவது நம் தலைமுறையின் கடமை. அதனைத் தாமதமின்றித் தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டு, உரையை முடிக்கிறோம்.