வயரின் தோல் உரிக்கிற குறடு: எதை வாங்குவது, எப்படிச் சரிக்கட்டுவது

(தோட்டச் சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் போஷாக்கைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு வயரின் தோலை உரிக்கிறதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பின்வாங்கில் சிலர் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரிக்கலாம். ஆனால் முதலில் இந்த பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்க. ஒருவர் பார்த்ததும் அடுத்தவரிடம் கொடுங்க.

இது நம் லயத்துக் காம்பரா ஒன்றில் கரண்ட் கேத்தலுக்குப் போட்டிருந்த பிளக். ஒரு பக்கம் கறுத்து உருகிப் போயிருக்கிறது. உள்ளே திறந்து பார்த்தேன். அந்த வயரில் மெல்லிய செம்பு இழை 24 இருக்க வேண்டும். திருகாணிக்குள் போயிருந்தது ஒன்பதோ பத்தோதான். மற்ற இழைகளை எல்லாம் தோல் உரிக்கும்போதே சவர பிளேட் வெட்டி எறிந்துவிட்டது. 2000 வாட் கேத்தல், 230 வோல்ட் கரண்ட், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 8.7 அம்பியர். 24 பேர் தூக்க வேண்டிய கொழுந்துச் சுமையைப் பத்துப் பேர் தலையில் ஏற்றினால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. அந்த வீட்டு அம்மா வாசம் வந்தவுடன் சுவிட்சை நிறுத்தியதால் பிளக்கோடு போயிற்று. நம்முடைய லயங்கள் ஒரே கூரை, ஒரே சுவர். ஒரு காம்பராவில் பிடித்தால் அடுத்த காம்பராக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் நேரம் இருக்கும். மலையகத்தில் லயம் எரிந்த செய்தியை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள், நானும் கேட்டிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்பது என் பேச்சிலேயே உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் மலையில் இருந்தும் 'கதைக்கிறது' போகவில்லை. கரண்டின் அருமை தெரிந்தவர் யார் என்று கேட்டால் குடாநாட்டுக்காரரைத்தான் சொல்வேன். 1990ஆம் ஆண்டு சண்டையோடு அங்கே மின்சாரம் நின்றது. நான் அப்போது சின்னப் பிள்ளை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு எரிப்போம். பற்றரியும் தடை செய்த சாமான். அப்படியென்றால் ரேடியோ கேட்பது எப்படி? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றுவது. டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோ பாடும். இரவில் ஒருவர் சுற்ற, வீடு முழுக்கச் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

அந்த டைனமோ வயரைச் சந்திக்குச் சந்தி உரித்து முறுக்கித்தான் ஓட்டினார்கள். வயரும் லேசில் கிடைக்காது, ஒரு முழத் துண்டையும் எறிய மாட்டார்கள். உரிக்கிறதற்குக் கருவி? பல்லுத்தான். இல்லாவிட்டால் விளக்கில் காட்டித் தோலை உருக்கி இழுப்பது. என் மாமா ஒருவர் ரேடியோ திருத்துகிறவர். அவரிடம் ஒரு சின்னக் குறடு இருந்தது. இரண்டு அலகிலும் 'வி' வடிவ வெட்டு, கைப்பிடியில் ஒரு திருகாணி. ஒரு இழை அறுந்தாலும் வயர் வீண் என்பதால், வயர் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் திருகாணியைச் சரிக்கட்டிவிட்டுத்தான் உரிப்பார். மற்ற யாரையும் அதைத் தொட விட மாட்டார்.

டைனமோ வெறும் 6 வோல்ட். சந்தி பிழைத்தால் ரேடியோ நிற்கும், அவ்வளவுதான். 2013இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்குப் பெரிய லைன் இழுத்து, நாட்டின் மின்சாரத்தோடு குடாநாட்டை மறுபடி சேர்த்தார்கள். நம் மலைகளில் ஓடுகிற தண்ணீரில் பிறக்கிற கரண்டும் அந்தக் கம்பியில் சேர்ந்துதான் போகிறது. வீட்டுக்குள் வருவது 230 வோல்ட். அந்தக் காலத்துப் பல்லும் பிளேட்டும் இதற்குச் சரிவராது. விளக்கில் உருக்குகிற பழக்கமும் கூடாது. அந்தத் தோல் பி.வி.சி. எரிந்தால் தொண்டையைப் பிடிக்கிற நச்சுப் புகை வரும், செம்பிலும் கரி ஒட்டும். பழைய வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்து விற்கிற தம்பிமாருக்கும் இதையேதான் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வாசலில் அந்த வேலை வேண்டாம்.

சரி, கருவிக்கு வருவோம். கடையில் நாலு விதம் இருக்கும்.

முதலாவது கத்தி. கத்தியே கூடாது என்று சொல்ல மாட்டேன். கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மார் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்: கத்தி மழுங்கினால் கிளை கிழியும், சாய்த்து வெட்டினால் சுத்தமாக இருக்கும். வயரும் அப்படித்தான். பென்சில் சீவுகிற மாதிரி கத்தியைப் படுக்கவைத்துச் சீவ வேண்டும். சுற்றிவர வளையமாக அறுத்தால் செம்பில் கீறல் விழும். தடித்த வயரின் வெளித்தோலுக்குக் கத்தி போதும். உள்வயருக்கு வேண்டாம்.

இரண்டாவது, மாமாவிடம் இருந்த அந்தத் திருகாணிக் குறடு. விலை குறைவு, பழுதாவதும் குறைவு. என்னைக் கேட்டால் வீட்டுக்கு இதுவே போதும். வாங்கும்போது இரண்டு அலகையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்க. 'வி' வெட்டுகள் இரண்டும் நேருக்கு நேர் நின்று நடுவில் ஒரே ஓட்டை தெரிய வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்க. திருகாணியை இறுக்குகிற நட் இருக்கிறதா, ஸ்பிரிங் தானாகத் திறக்கிறதா என்றும் பாருங்க. அக்காமார் தங்கள் கைக்குள் கைப்பிடி அடங்குகிறதா என்று பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இதைச் சரிக்கட்டுகிற விதம் இப்படி. பாவிக்கப்போகிற வயரிலேயே ஒரு வீண் துண்டை எடுத்து, கத்தியால் மெதுவாகச் சீவிச் செம்பை வெளியே எடுங்க. வெறும் செம்பை 'வி'க்குள் வைத்து, அலகு செம்பைத் தொடும்வரை மூடுங்க. பிறகு ஒரு மயிரிழை திறந்து, திருகாணியை அந்த இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்குங்க. இனி எவ்வளவு அமத்தினாலும் அலகு செம்பை வெட்டாது. இன்னொரு துண்டை உரித்துப் பாருங்க. செம்பில் வளையக் கோடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். தோல் இழுபட்டு நூல் நூலாக வந்தால் கொஞ்சம் மூட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் இருக்கும். உரித்த இடத்தில் மூன்று நாலு தரம் வளைத்துப் பார்த்தால் கீறல் பட்ட கம்பி சீக்கிரம் முறிந்துவிடும்.

மூன்றாவது வரிசையாக ஓட்டைகள் உள்ள குறடு. இதில் சரிக்கட்ட ஒன்றும் இல்லை, சரியான ஓட்டையைத் தெரிவு செய்வதுதான் வேலை. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பல குறடுகளில் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க இலக்கம் அடித்திருக்கும். இலக்கம் கூடக் கூடக் கம்பி மெலிவு. நம் வீட்டு பல்ப் வயர் 1/1.13, அதாவது 1.13 மில்லிமீற்றர் தடிப்பான ஒற்றைக் கம்பி. 18ஆம் இலக்கம் 1.02 மில்லிமீற்றர்தான், அதில் வைத்தால் செம்பு கீறும். 16ஆம் இலக்கம் 1.29, அதில் வையுங்க. பிளக் பொயின்றுக்குப் போகிற 7/0.67 வயரில் ஏழு கம்பி, நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு. குறுக்கே மூன்று கம்பி நிற்கும். மூன்று தரம் 0.67 என்றால் 2.01 மில்லிமீற்றர். 12ஆம் இலக்கம் 2.05, அது பொருந்தும். சில குறடுகளில் ஒற்றைக் கம்பிக்கு ஒரு பக்கமும் பல இழைக்கு மறுபக்கமுமாக இரண்டு வரிசை இலக்கம் இருக்கும், பார்த்துப் படியுங்க. சந்தேகம் இருந்தால் பெரிய ஓட்டையில் தொடங்கிச் சின்னதுக்கு வாங்க. சின்னதில் தொடங்கினால் செம்பு போய்விடும்.

நாலாவது தானாகப் பிடித்து உரிக்கிற பெரிய குறடு. விலை கூட. நாள் முழுக்க வயரிங் வேலை செய்கிறவருக்குப் பொருந்தும். அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அது பிடியின் இறுக்கத்துக்கு. வயர் நழுவினால் இறுக்குங்க, இழை அறுந்தால் தளர்த்துங்க. நீளத்தை நிறுத்துகிற கட்டையும் இருக்கும்.

ஒரு சங்கதி புத்தகத்தில் அவ்வளவாக இருக்காது. யாழ்ப்பாணத்து வெயிலில் வயரின் தோல் இளகி, பிடியில் நழுவும். இங்கே மார்கழி தை மாசத்துக் காலையில் அதே தோல் விறைத்துக் கட்டையாக நிற்கும், வெடுக்கென்று இழுத்தால் வெடிக்கும். ஆகவே மத்தியானம் சரிக்கட்டிய குறடு விடியற்காலைக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்காதீங்க. வயரைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு உரியுங்க.

உரித்த பிறகு? இழைகளை விரலால் முறுக்குங்க. திருகாணிக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது, திருகாணி தோலின் மேல் ஏறவும் கூடாது. மண்ணிற வயர் கரண்ட் வருவது, நீலம் திரும்புவது, பச்சை மஞ்சள் எர்த். பழைய லயங்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும். பிளக்குக்குள் எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்க. யாராவது இழுத்தாலும் அதுதான் கடைசியாகக் கழர வேண்டும். பிளக்கின் வாயில் உள்ள பிடி, வயரின் வெளித்தோலைப் பிடிக்க வேண்டும், உள்வயரை அல்ல.

உரிக்கிற வேலை முழுக்கக் கரண்ட் இல்லாத வயரில்தான். கைப்பிடியில் சிவப்பு றப்பர் இருக்கிறது என்று நம்பாதீங்க, அது வழுக்காமல் இருக்கப் போட்டது. 1000 வோல்ட் என்று அடித்த கருவி வேறு, அதை வைத்திருந்தாலும் மெயினை நிறுத்தியே வேலை செய்ய வேண்டும். ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டுக்காரர் மாதம் ஒரு தரம் அதன் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்க. விழாவிட்டால் என்னிடம் வாங்க. மீற்றருக்கு முன்னால் உள்ள கம்பியில் நம் யாருக்கும் வேலை இல்லை, அது லைன்காரர் வேலை. காம்பராவுக்குப் புது லைன் இழுப்பதும் பயிற்சி பெற்றவர் வேலைதான். நான் இன்றைக்குச் சொன்னது பிளக், டேபிள் லாம்ப் போன்றவற்றுக்கு.

ஓ.எல். முடித்துச் சும்மா இருக்கிற தம்பி தங்கைமார் மின்னியல் படிப்புக்கு விண்ணப்பித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். தங்கைமாருக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. கொழுந்து எடுத்துப் பழகிய விரல், இழை அறாமல் உரிக்கிறதற்கு நல்ல விரல்.

திருகாணிக் குறடு இரண்டு நலன்புரி அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், மறுநாள் தர வேண்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் கையால் செய்து பழகுவோம். வீட்டில் கிடக்கிற பழைய வயர்த் துண்டுகளையும், சூடாகிற பிளக் ஏதும் இருந்தால் அதையும் கழற்றிக் கொண்டு வாங்க.