கண்டி உடன்படிக்கையை மாணவரோடு வாசித்தல்
(சங்கத்தின் மாணவர் மன்றத்தில் நிகழ்த்திய உரை)



'சரித்திரம் படிப்பது எப்படி' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இன்னும் பட்டம் பெறாத நான் அவ்வளவு பெரிய விஷயத்தைத் தொட அருகதையற்றவன். ஆகவே ஒரே ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலதா மாளிகையை அடுத்து மகுல் மடுவ என்னும் சபாமண்டபம் இருக்கிறதல்லவா? அங்கே 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் வாசிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கையே அது. இந்நாட்டின் கடைசிச் சுதேச இராச்சியம் அதனோடு முடிந்தது. தீவு முழுவதையும் ஆளும் ஒரே அரசாங்கம் என்று இன்று நாம் அறிவதும் அதிலிருந்தே தொடங்கிற்று. பிறப்புப் பத்திரமும் மரணப் பத்திரமும் ஒரே காகிதத்தில் அமைந்த விசித்திரம் இது.

சென்ற வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறு தோறும் சரித்திரம் சொல்லிக் கொடுத்தேன். முதலில் நானும் எல்லோரையும் போலக் குறிப்பெழுதிக் கொடுத்தேன். பத்தே வரிகள். மறு கிழமை ஒருவர் தவறாமல் ஒப்புவித்தார்கள். "சரி, இதிலே யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றம் அவர்களுடையதன்று. பத்திரத்தைக் காட்டாமல் பத்திரத்தைப் பற்றிய செய்தியை மட்டும் கொடுத்தவன் நான்.

நான் கிறிஸ்தவ மிஷன் பாடசாலையில் படித்தவன் என்பதை இச்சபையிற் பலர் அறிவர். அங்கே வேதபாட ஆசிரியர் ஒரு வசனத்தை எடுத்தால் அடுத்ததற்கு இலேசில் போகமாட்டார். சொல்பவர் யார், கேட்பவர் யார், இதை இப்போது சொல்வானேன் என்று குடைந்து குடைந்து கேட்பார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னர் யாழ்ப்பாணத்தில் பாட்டனாரோடு கோயிலுக்குப் போய்க் கந்தபுராண படனம் கேட்டபோது, ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் நிறுத்தி நிறுத்திப் பயன் சொல்லக் கண்டேன். இரண்டும் ஒரே வழி என்று பட்டது. அந்த வழியையே எங்கள் வகுப்பிலும் பிடித்தோம். ஒரு பிள்ளை ஒரு பிரிவை வாசிக்கும். இன்னொரு பிள்ளை பயன் சொல்லும். மற்றவர்கள் மறுத்துக் கேட்கலாம்.

உடன்படிக்கையில் பன்னிரண்டு பிரிவுகள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதப்பட்டது. ஒரு பக்கத்தில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் பெயரால் தேசாதிபதி ரொபேட் பிரவுன்றிக். மறுபக்கத்தில் அதிகார்மாரும் திசாவைமாரும் பிரதானிகளும். முதற்பிரிவு அரசர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் கொடுமைகளைச் சொல்கிறது. "அண்ணா, ராஜா என்ன பதில் சொன்னார்?" என்று ஒரு பையன் கேட்டான். அரசர் அதற்கு முன்னரே, பெப்ரவரி 18ஆம் நாள், பிடிபட்டுவிட்டார். அம்மண்டபத்தில் அவர் இல்லை. 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே காலமானார். குற்றப்பத்திரம் மட்டும் இருக்கிறது, எதிர்வாதம் இல்லை என்பதை அந்தப் பையன் தானே கண்டுகொண்டான். அதனால் அரசர் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. அதையும் அவனுக்குச் சொன்னேன்.

நாங்கள் அதிக நேரம் நின்றது எட்டாம் பிரிவில். நீதி பரிபாலனம் பழைய வழக்கப்படியே, பழைய அதிகாரிகளாலேயே நடக்கும் என்று அது தொடங்குகிறது. வாசித்த பிள்ளை அங்கேயே நிறுத்திவிட்டாள். எங்கள் குறிப்புகளும் அங்கேதான் நிற்கும். ஆனால் வாக்கியம் முடியவில்லை. குறைகளைத் தீர்க்கவும் சீர்கேடுகளைத் திருத்தவும் எவ்விடயத்திலும் தலையிட அரசாங்கத்துக்குள்ள உரிமை நீங்கலாக, என்று ஒரு வால் தொங்குகிறது. "கொடுத்ததையெல்லாம் திரும்ப எடுக்க ஒரு பின்கதவு வைத்திருக்கிறார்கள்" என்றான் ஒருவன். மூன்றே வருடத்தில் அப்படித்தான் நடந்தது. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்கிய பின், 1818 நவம்பர் 21ஆம் நாள் பிரகடனத்தினால் பிரதானிகளின் அதிகாரம் குறைக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாட்களின் பின் கெப்பெட்டிபொல திசாவை இதே கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இனி, நான் சொல்லத் தயங்கிய இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் பிரிவு, 'மலபார்' இனத்தார் கண்டியை ஆளும் உரிமை ஒழிந்தது என்கிறது. மூன்றாம் பிரிவு அரசரின் ஆண் உறவினரைப் பகைவர் என்கிறது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்பக்கூடாது என்றும் சொல்கிறது. இதை வாசித்தவள் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை. வாசித்துவிட்டு நிமிர்ந்து, "அண்ணா, இந்த மலபார் நாங்களா?" என்றாள்.

அவளுடைய பாட்டியார் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லலாகாது. "அடுத்த கிழமை சொல்கிறேன்" என்றேன். இதைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, "தம்பி, அந்த இரண்டு பிரிவையும் விட்டுவிட்டு மற்றதைப் படிப்பியுமேன். பிள்ளைகள் மனத்தில் ஏன் வேண்டாத நினைப்பு?" என்றார். அவர் அன்பினால் சொன்னார். ஆயினும் நான் இணங்கவில்லை. நாம் விட்டுவிட்டால் அந்த வரிகளை வேறொருவர் தமக்கு வேண்டிய பொருளோடு அந்தப் பிள்ளைக்குச் சொல்வார்.

ஆகையால் மறு கிழமை அதே பிரிவை மறுபடியும் வாசித்தோம். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும்கூட மலபார் என்றே அழைத்தனர். கண்டியை 1739 முதல் ஆண்ட அரசர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தினர். தடை அரசரின் ஆண் உறவினருக்கும், அப்போது வெளியேற்றப்பட்டவர்களுக்குமே. தமிழ் பேசுவோர் எல்லோருக்கும் என்று எழுதியிருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முன்னோர் அன்று இங்கே இருக்கவுமில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின்னரே தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கூட்டங்கூட்டமாய் வரலாயினர். அவர்களை வருவித்தது, இந்தத் தடையை எழுதிய அதே ஆட்சிதான்!

இவ்வளவும் சொன்ன பிறகு அவள் விடவில்லை. "அப்படியென்றால் ராஜாவின் சொந்தக்காரர் என்று மட்டும் எழுதியிருக்கலாமே? ஏன் ஓர் இனத்தின் பெயரை எழுதினார்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. பிரிவின் எல்லை குறுகியது, அதில் வைத்த சொல் அகலமானது. அந்த அகலம் பத்திரத்திலேயே இருக்கிறது என்றுதான் சொன்னேன். அதை மழுப்பவும் இல்லை, பெருப்பிக்கவும் இல்லை.

நம் சங்கத்தார் கவனிக்கவேண்டிய இன்னோர் இடமும் உண்டு. ஐந்தாம் பிரிவு புத்த சமயத்துக்கும் அதன் கிரியைகள், குருமார், வழிபாட்டிடங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையைப் பற்றி விவாதிப்போர் பலரும் இவ்விடத்தில் வந்து நிற்பதுண்டு. பிற சமயங்களைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. 1818ஆம் ஆண்டுப் பிரகடனத்தில்தான், மற்றவர்கள் தத்தம் சமயத்தை அமைதியாக அனுசரிக்கலாம், தேசாதிபதியின் அனுமதியோடு தக்க இடத்தில் வழிபாட்டிடம் கட்டலாம் என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாலொழிய இது புலப்படாது.

கடைசியாக ஒப்பங்கள். பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டனர் என்கிறார்கள், அது கிரந்தம் என்பாரும் உண்டு. படத்தைப் பார்த்து நாங்களும் எழுத்துக் கூட்டிப் பார்த்தோம். இரண்டொரு எழுத்துக்கு மேல் எங்களால் போக முடியவில்லை. பழைய கையெழுத்துப் பரிச்சயமுள்ள பெரியோர் இச்சபையில் இருப்பார்களாயின், வருகிற ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்களோடு வந்து அமரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிங்களப் பிரதியைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் வந்தால் இன்னும் நல்லது. எட்டாம் பிரிவின் அந்த வாலுக்குச் சிங்களத்தில் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.