திரைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு



நம் தோட்டப்புறப் பிள்ளைகளில் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள், வேலையும் பார்க்கிறார்கள். "என்ன வேலை?" என்று கேட்டால், "நிரல் எழுதும் வேலை" என்கிறார்கள். எழுதுவதை எப்படி எழுத வேண்டும் என்பதற்குக்கூட அங்கே சட்டதிட்டங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கைப்பேசியில் ஓர் உதவித்தொகைப் பாரத்தைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எழுதக் கட்டம், அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம், கீழே ஒரு பொத்தான். நம் கண்ணுக்குத் தெரியும் இந்தப் பகுதியை முகப்பு என்பார்கள். என்னென்ன இருக்க வேண்டும் என்பதை எச்.டி.எம்.எல். சொல்கிறது, நிறத்தையும் அளவையும் சி.எஸ்.எஸ். சொல்கிறது, தொட்டால் என்ன நடக்கும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் சொல்கிறது. இதை ஒருவரே உட்கார்ந்து எழுதி முடிப்பதில்லை. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து எழுதுவார்கள். ஒருவர் விலகிப் போவார், இன்னொருவர் வந்து தொடருவார்.

பால்மரக் காட்டில் இது நமக்குப் பழகிய சங்கதி. ஒருவர் வெட்டிய நிரையில் மறுநாள் வேறொருவர் வெட்ட நேரும். அதனால்தான் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும், கத்தி கட்டையில் படக்கூடாது என்று விதி வைத்தார்கள். கட்டையில் பட்டுவிட்டாலும் அன்றைக்குப் பால் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆண்டுகள் கழித்து அங்கே மறுவெட்டு வெட்ட வருகிறவர்தான் அவதிப்படுவார். நிரலிலும் அப்படியே. இன்றைக்கு ஓடுகிறது என்பதற்காக அதை நல்ல நிரல் என்று சொல்லிவிட முடியாது.

ஜாவாஸ்கிரிப்டை 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவர் சுமார் 10 நாட்களில் உருவாக்கினார். அவசரத்தில் பிறந்த பிள்ளை என்றே சொல்லலாம். அதில் ஒரு வினோதத்தைப் பாருங்கள். பாரத்தில் ஆண் பிள்ளைகள் 2, பெண் பிள்ளைகள் 3 என்று ஒரு தாய் நிரப்புகிறார். கட்டத்தில் எழுதியது எதுவானாலும் முதலில் எழுத்தாகவே வந்து சேரும். அதை எண்ணாக மாற்றாமல் கூட்டச் சொன்னால், இந்த மொழி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 23 என்று விடை தரும். ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு இருபத்து மூன்று பிள்ளைகள் உள்ள வீடாகிவிடும்! சிரிப்பாக இருக்கிறது, அந்தப் பாரம் தள்ளுபடியானால் சிரிப்பு வராது. எது எண், எது எழுத்து என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு எழுத வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் வந்தது. 2012-இல் வெளியான டைப்ஸ்கிரிப்ட் அதற்கு வழி செய்து கொடுத்தது.

வரிகளைத் தள்ளி எழுதுவது, அடைப்புக்குறி போடுவது இவையெல்லாம் வெறும் அழகுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. கைப்பேசி தொடர்பு கொள்வது உண்மையான வங்கியோடுதானா, இடையில் புகுந்த ஏமாற்றுக்காரனோடா என்று சோதிக்கும் நிரலில் ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்திருந்தது. "இன்னது நடந்தால் மட்டும் வெளியேறு" என்பது முதல் வரி. இரண்டாவதும் அதே அளவு தள்ளி எழுதப்பட்டிருந்ததால், பார்க்கிறவர் கண்ணுக்கு அதுவும் நிபந்தனைக்குள் இருப்பது போலவே தோன்றியது. கணினிக்கோ தள்ளி எழுதியது ஒரு பொருட்டே அல்ல. அது எப்போதும் வெளியேறியது. கடைசிச் சோதனை நடக்கவே இல்லை. ஒரு வரியானாலும் அடைப்புக்குறிக்குள் எழுது என்ற சின்ன விதியைக் கடைப்பிடித்திருந்தால், அந்த இரட்டை வரி பெரும்பாலும் உள்ளேயே அடங்கிக் கிடந்திருக்கும்.

இத்தகைய பிழைகளைத் தேடும் கருவிகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2002-இல் ஜேஎஸ்லின்ட், 2013-இல் ஈஎஸ்லின்ட் வந்தன. 2017-இல் வந்த பிரிட்டியர், எழுதியதை ஒரே சீராக அடுக்கிக் கொடுத்துவிடும். இரண்டு இடம் தள்ளுவதா நான்கு இடம் தள்ளுவதா என்று படித்தவர்கள் மணிக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது இதனால் ஓரளவு ஓய்ந்தது. நல்லதாயிற்று. இவை எல்லாம் இலவசம். ஆனாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்ற விதியை நல்ல குழுக்கள் விடுவதில்லை.

கருவி காணாத குறை ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. மலாயில் 'ஹந்தார்' என்ற சிறிய சொல்லுக்கு அளவெடுத்துப் பொத்தான் செய்துவிடுகிறார்கள். அதிலேயே தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பாதிச் சொல் வெளியே நிற்கும். வரியின் உயரத்தைக் குறுக்கிவிட்டால் 'கி' தலையிழந்து 'க' ஆகிவிடும். 'கூ' காலிழந்து போகும். பொத்தானுக்கு அகலத்தையும் உயரத்தையும் பூட்டி வைக்காதே, எழுத்தே அதைத் தீர்மானிக்கட்டும் என்று தரவிதியில் ஒரு வரி இருந்தால் போதும்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு, பார்வைக் குறையுள்ளவர்களையும் மனத்தில் கொண்டு 1999-இல் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம். கண்புரை உள்ள பாட்டிக்கு அது வெற்றுத் திரைதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர்ச்சீட்டு இணைக்கப்பட்டிருந்தால், திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் 'அடையாள அட்டை எண்' என்று சொல்லும். பக்கம் தமிழில் உள்ளது என்பதையும் நிரலில் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் தமிழை வேற்றுமொழிக் குரலில் படிக்க முயன்று குழப்பும்.

இத்தொழிலைக் கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், செய்து முடித்த பாரத்தைப் பாட்டியிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவர் விரல் எந்தக் கட்டத்தில் தயங்கி நிற்கிறது என்பதை மட்டும் பிள்ளை குறித்துக்கொள்ளட்டும்.