ஆற்றுமீனும் ஞெகிழித் துகளும்

(வில்லியனூரில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



வில்லியனூரையும் பாகூரையும் இன்றும் 'கொம்யூன்' என்றே எழுதுகின்றோம். பிரெஞ்சியர் 1954 இல் ஆட்சியை விட்டகன்றனர்; அவர்தம் சொல் அகன்றிலது. அது நிற்க. யான் பேச வந்தது நம் ஆற்றையும் அதன் மீனையும் பற்றி.

செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றி, வீடூர் அணை கடந்து, திருக்காஞ்சி வழியே கடல் சேர்வது சங்கராபரணி. பாகூர் ஏரிக்கோ தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்காலால் வருகின்றது. இவ்விரு நீரும் நம்மை அடையுமுன் எத்தனை ஊர்க் குப்பையை அரித்து வருகின்றன! 2024 நவம்பர் 30 இல் கரைகடந்த பெஞ்சல் புயலின் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்த கரைகளில் முட்செடிதோறும் ஞெகிழிப்பை தொங்குவதைக் காணாதவரும் உங்களுள் இலர்.

கண்ணுக்குத் தெரியும் பையாவது பொறுக்கலாம். ஞெகிழி மட்குவதில்லை, வெயிலில் முறுகி உடையும், உடைந்தது மீண்டும் உடையும். 5 மி.மீ. அளவினும் சிறுத்தவற்றை நுண்ஞெகிழி என்பர். செயற்கையிழைத் துணி துவைத்த நீரும், நைந்த நைலான் வலையும், வண்டிச் சக்கரத் தேய்மானமும் அதனையே ஆற்றில் சேர்க்கின்றன. மீன் அதனை இரையென்று விழுங்குகின்றது.

இங்கொன்று கருதுக. துகள் பெரிதும் தங்குமிடம் மீனின் குடலும் செவுளுமே. விரால் வாங்குவோர் குடலைக் களைந்தெறிவர். ஏழை வாங்கும் பொடிமீனோ குடலோடு குழம்பில் வேகின்றது; பொடிக் கருவாடும் அவ்வாறே. ஆகலின் இத்தீங்கு மிகுதியாய்ச் சேர்வது கூலிவேலை செய்வார் கலத்திலேயாம். 2022 இல் நெதர்லாந்து ஆய்வாளர் மாந்தக் குருதியிலேயே ஞெகிழித் துகளைக் கண்டனர். அது விளைக்கும் கேடு இவ்வளவென்று அறிவியல் இன்னும் அறுதியிட்டிலது. அறுதியிடும்வரை நம் பிள்ளைகளா உண்டு பார்ப்பது?

ஒருமுறை துய்த்தெறியும் கோப்பை, தட்டு முதலியவற்றை இந்திய அரசு 2022 சூலை 1 முதல் தடுத்தது. தள்ளுவண்டிக்காரரிடம் தண்டம் வாங்குதல் எளிது. ஆக்கும் ஆலையின் வாயிலில் போய் நிற்பதன்றோ அரசுக்கு அழகு!

நாம் மட்டும் என் செய்தோம்? 'பிளாசுடிக்' என்னாது ஞெகிழி என்கின்றோம். ஞெகிழ்தல் என்னும் வினையடிப் பிறந்த நற்சொல் அது. சொல்லைத் தூய்மை செய்த நாம் இம்மேடைக்குக் கட்டியிருக்கும் பதாகை எதனால் ஆயது? சற்றுமுன் நீர் பருகிய குவளை எதனால் ஆயது? அடுத்த கூட்டத்திற்குத் துணிப்பதாகை எழுதுவோர் இன்றே பெயர் கொடுங்கள். குவளைகளை அவரவர் வீட்டிலிருந்து கொணர்க.