தன்னை வெளிப்படுத்துதல்: சொல்பவரின் உரிமை, கேட்பவரின் கடமை

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பால்புதுமையினர் கூடும் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவர் தம் பெயரைக்கூடச் சொல்லாமல் அமர்ந்திருக்கலாம். ஏற்கெனவே அங்கிருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். எந்த வயதில் தம்மை உணர்ந்தார்கள், முதன்முதலில் யாரிடம் சொன்னார்கள், வீட்டில் என்ன நடந்தது, வேலை நிலைத்ததா, பறிபோனதா என்பவையே அக்கதைகளின் உள்ளடக்கம். ஆங்கிலத்தில் ‘கமிங் அவுட்’ என்று வழங்கப்படும் இவ்வெளிப்படுத்தல், வெளியிலிருந்து நோக்குவோருக்குத் தனிநபர்களின் அந்தரங்கப் பரிமாற்றமாக மட்டுமே தோன்றக்கூடும். ஆனால் இந்தியாவில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. சிதறிக் கிடந்த மனிதர்களை ஒரு சமூகமாக ஒன்றுதிரட்டியவை இக்கதைகளே. ஒரு காலனியச் சட்டம் வீழ்ந்ததிலும் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கதை ஏன் தேவைப்படுகிறது?

ஒடுக்குமுறைக்கு உள்ளாகும் ஏனைய பிரிவினரோடு ஒப்பிட்டால் இதன் காரணம் விளங்கும். சாதிக் கொடுமைக்கு உள்ளாகும் குழந்தைக்கு, அக்கொடுமையை அனுபவித்த தாயும் தந்தையும் வீட்டிலேயே இருக்கிறார்கள். எதிர்த்து நின்றவர்களின் நினைவும் அந்தக் குடும்பத்திலேயே கிடைக்கிறது. சுரண்டப்படும் தொழிலாளி, ஆலை வாயிலில் தன்னைப் போன்ற நூற்றுவரைக் காண்கிறார். தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு சிறுவனுக்கோ, தன்னை ஆணாக உணரும் ஒரு சிறுமிக்கோ பெரும்பாலும் இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. பெற்றோர் அந்த அனுபவத்தைப் பகிர்ந்தவர்கள் அல்லர். பல வேளைகளில் ஒடுக்குமுறையின் முதல் களம் வீடாகவே இருக்கிறது. தன்னைப் போன்றவர்கள் ஊரில் இருந்தாலும், அவர்களும் அச்சத்தால் மறைந்தே வாழ்கிறார்கள். எனவே தன் அனுபவம் நோயோ பாவமோ அன்று, பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு வாழ்நிலை என்னும் அறிவு, பிறர் தம் கதையைச் சொல்லக் கேட்கும்போதே ஒருவருக்குக் கிடைக்கிறது.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாய்மொழியாகவே திரட்டி ‘உணர்வும் உருவமும்’ என்னும் நூலாகத் தொகுத்தவர் ஏ. ரேவதி. பிறர் கதைகளைக் கேட்டுத் தொகுத்த பின்னரே அவர் தம் தன்வரலாற்றை எழுதினார். கேட்டவர் சொல்பவராக மாறும் இந்த வரிசையே இச்சமூகம் தன்னை அமைத்துக்கொண்ட முறையாகும்.

கதை சாட்சியமான வரலாறு

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்ற 377ஆவது பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவு என்று கூறி, தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்தது. சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படும் நிலையை அது உருவாக்கியது. காவல்துறையினரும் மிரட்டிப் பணம் பறிப்போரும் அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டனர்.

அம்மௌனம் படிப்படியாகவே உடைந்தது. 1991இல் எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்னும் அமைப்பு, இந்தியாவில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. 1998 டிசம்பரில் ‘ஃபயர்’ திரைப்படம் ஓடிய திரையரங்குகள் சிவசேனையினரால் தாக்கப்பட்டன. அதனைக் கண்டித்து ஜனநாயக அமைப்புகள் தில்லி ரீகல் திரையரங்கின் முன் திரண்டபோது, கருத்துச் சுதந்திரத்துக்கான பதாகைகளுக்கு இடையே, தாம் இந்தியர், தன்பாலின ஈர்ப்புள்ள பெண் என்று அறிவிக்கும் பதாகையும் உயர்ந்தது.

2001இல் நாஸ் அறக்கட்டளை தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்கு இச்சட்டம் இடையூறாக இருக்கிறது என்பது அதன் முதன்மையான வாதங்களுள் ஒன்று. பின்னர் அவ்வழக்கில் இணைந்த கூட்டமைப்பு, பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களையே நீதிமன்றத்தின் முன் வைத்தது. பெங்களூரில் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு உள்ளான ஒரு திருநங்கையின் அனுபவமும் அவற்றுள் ஒன்று. 2009 ஜூலை 2 அன்று, வயது வந்தோர் விருப்பத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர் என்றும், அரசு அமைப்புகள் பாகுபாடு காட்டிய நிகழ்வுகளின் விவரங்களை மனுதாரர் தரவில்லை என்றும் அது கூறியது. கொடுமையை அனுபவித்தவர்கள் பேச முடியாதபடி அஞ்ச வைத்த சட்டத்தைக் காப்பாற்றவே, அவர்கள் பேசவில்லை என்பது காரணமாக்கப்பட்டது.

இதற்கு விடையாக, பாதிக்கப்பட்டவர்கள் தம் சொந்தப் பெயரிலேயே நீதிமன்றத்தை நாடினர். 2016இல் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹரும் வேறு நால்வரும், தம் வாழ்க்கையையே முன்வைத்து மனுச் செய்தார்கள். 2018இல் மேலும் பலர் இணைந்தனர். அவர்களுள் ஒருவர் லக்னோவைச் சேர்ந்த ஆரிஃப் ஜாஃபர். எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த அவர் 2001இல் கைது செய்யப்பட்டு, 47 நாட்கள் சிறையில் அடைக்கப்பட்டவர். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, வயது வந்தோரின் விருப்ப உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து ஒருமனதாக நீக்கியது. வரலாறு இம்மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்கோத்ரா தம் தீர்ப்பில் எழுதினார்.

மேல்தட்டினரின் பிரச்சினையா?

2023இல் தன்பாலினத் திருமண வழக்கில், இது நகர்ப்புற மேல்தட்டினரின் கருத்து என்று ஒன்றிய அரசு வாதிட்டது. இந்த ஐயம் உழைக்கும் மக்களிடையே பணியாற்றும் தோழர்கள் சிலருக்கும் எழுவதுண்டு. ஆகவே அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

1988இல் போபாலில் ஒருவரையொருவர் மணந்துகொண்டதற்காகப் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டு பெண் காவலர்கள். 2019 மே மாதம், ஒரு பெண்ணுடனான தம் உறவை வெளிப்படையாக அறிவித்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். நாடெங்கும் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, கடை கடையாகக் கையேந்தியும் பாலியல் தொழில் செய்தும் பிழைக்கும் திருநங்கையர் எந்த மேல்தட்டைச் சேர்ந்தவர்கள்? இவ்வாழ்நிலை எல்லா வர்க்கங்களிலும் உண்டு. அதனைச் சொல்வதற்கு ஒருவர் கொடுக்கும் விலைதான் வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுபடுகிறது.

2006இல் ராஜ்பிப்ளா அரச குடும்பத்தைச் சேர்ந்த மன்வேந்திர சிங் கோகில் தம்மை வெளிப்படுத்தியபோது, பெற்றோர் அவருடனான உறவைத் துறப்பதாக நாளிதழில் அறிவித்தனர். சொத்தும் வாரிசுரிமையும் குடும்பத்தின் கௌரவத்தோடு பிணைந்திருக்கும் சமூகத்தில் இது வியப்புக்குரியதன்று. ஆயினும் அவருக்குப் பெயரும் தொடர்புகளும் இருந்தன. நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு வீட்டுக் கதவு மூடப்பட்டால், மறுநாள் உறங்க இடமில்லை. 2017இல் கொச்சி மெட்ரோவில் 23 திருநர்கள் பணியமர்த்தப்பட்டனர். நாடே பாராட்டிய முடிவு அது. ஆனால் சில நாட்களிலேயே அவர்களுள் எட்டுப் பேர் வேலையை விட்டனர். அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர நகரில் ஆளில்லை என்பதே அதற்கு முக்கியக் காரணம். வேலை கிடைத்தும் குடியிருக்க இடமில்லையெனில் அவ்வேலை நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே ‘துணிவிருந்தால் சொல்லிவிட வேண்டியதுதானே’ என்று கேட்பது நியாயமன்று. கூலியும் கூரையும் உறுதியாக இருப்பவருக்கு எளிதாகும் துணிவு, அவை இல்லாதவருக்கு எளிதாவதில்லை.

சொல்வதும் அம்பலப்படுத்துவதும்

தாமாகச் சொல்வதும் பிறரால் அம்பலப்படுத்தப்படுவதும் ஒன்றன்று. 2010 பிப்ரவரியில் அலிகரில், மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் கேமராவுடன் நுழைந்தவர்கள் அவருடைய அந்தரங்கத்தைப் படம்பிடித்தனர். அதன் பேரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர் அவரே. ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்நீக்கத்துக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7 அன்று அவர் தம் வீட்டில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். ஒருவரைப் பற்றிய உண்மை அவர் அனுமதியின்றி வெளியே சென்றால் எத்தகைய கேடு நேரும் என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

இதனால்தான் 2023 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பால்புதுமைப் பெண்கள் மற்றும் திருநர்களின் வலையமைப்பும் சேர்ந்து நடத்திய பொது விசாரணை, மூடிய அரங்கில் நடைபெற்றது. பிறந்த வீட்டில் தாம் அனுபவித்த வன்முறையை 31 பேர் அங்கு எடுத்துரைத்தனர். சாட்சியம் அறிக்கையாக வெளிவந்தது. சாட்சிகள் பாதுகாக்கப்பட்டனர்.

கேட்பவரின் கடமை

கேட்பதும் ஓர் அரசியல் செயலே. 1984-85இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, லண்டனைச் சேர்ந்த தன்பாலின ஈர்ப்பாளர்கள் சிலர் நிதி திரட்டித் தெற்கு வேல்ஸ் சுரங்கக் கிராமங்களுக்கு நேரில் சென்றனர். அதை முன்னின்று தொடங்கியவர்களுள் இளம் கம்யூனிஸ்ட் மார்க் ஆஷ்டனும் ஒருவர். தொழிலாளர் மன்றங்களில் ஒன்றாக அமர்ந்து அவர்கள் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அறிந்தனர். 1985இல் லண்டன் பெருமிதப் பேரணியின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் நடந்தனர். அவ்வாண்டே தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் துணைநின்றன.

இந்தியாவில் அண்மைச் சான்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து கிடைக்கிறது. மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னையில் அடைக்கலம் புகுந்த இரு பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் காவல்துறையில் புகார் செய்தனர். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று கூறி, தீர்ப்புக்கு முன் உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கற்றார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பாலின ஈர்ப்பை ‘மாற்றுவதாக’க் கூறும் சிகிச்சைக்குத் தடை விதித்தது.

இவற்றிலிருந்து கிளைகளும் தொழிற்சங்கங்களும் மேற்கொள்ள வேண்டியவை தெளிவாகின்றன. ஒரு தோழர் தம்மைப் பற்றிச் சொன்னால், அது அவர் சொன்ன அந்த ஒருவருக்கு மட்டும் உரியது. அவர் ஒப்புதலின்றி அது கிளைக் கூட்டத்துக்கும் போகக் கூடாது, குடும்பத்துக்கும் போகக் கூடாது. சொல்லாதவரைச் சொல்லும்படி வற்புறுத்துதல் கூடாது. சொன்னவரை மேடைக்கு மேடை காட்சிப்பொருளாக்குதலும் கூடாது. வீட்டிலிருந்து வெளியேற்றப்படுபவருக்குத் தங்குமிடம் தேடித் தருதல், வயது வந்த இருவர் மீது ‘காணவில்லை’ புகார் பதிவானால் வழக்கறிஞருடன் காவல் நிலையம் செல்லுதல், பணியிடத்தில் கேலிக்கோ வேலைநீக்கத்துக்கோ ஆளானால் அதைச் சங்கத்தின் கோரிக்கையாக எழுப்புதல் ஆகியவை உடனடிக் கடமைகள். கூட்டங்களில் வழங்கும் கேலிச் சொற்களை அந்த இடத்திலேயே கண்டிப்பதும் அவற்றுள் அடங்கும். அச்சொற்களைக் கேட்டபடி மௌனமாக அமர்ந்திருப்பவர் யார் என்பது எவருக்கும் தெரியாது.

சட்டப் போராட்டம் முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் விரிவான சட்டம் இன்றளவும் இல்லை. அத்தகைய சட்டத்துக்கான கோரிக்கை தொழிலாளர், மாதர், இளைஞர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்வதால் எவருடைய கூலியும் கூரையும் பறிபோகாத நிலையை உருவாக்குவதே அக்கோரிக்கையின் நோக்கம். அந்நிலை வரும்வரை, நம்பிச் சொன்னவரின் நம்பிக்கையைக் காப்பது ஒவ்வொரு தோழரின் பொறுப்பாகும்.