எழுதிக் கொடுத்தாலும் இழக்கவொண்ணா உரிமை

 

ஓர் ஆய்வாளர் மக்களின் வரிப்பணத்தால் ஆராய்கின்றார். பல்லாண்டு உழைத்துக் கண்ட உண்மையைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு விடுக்கின்றார். பெரும்பாலும் அதற்கென அவர்க்கு ஊதியம் இல்லை. அதனைப் படித்து மதிப்பிடும் துறையறிஞர்க்கும் இல்லை. ஆயினும், கட்டுரை வெளிவருமுன் பதிப்பகம் ஓர் உடன்படிக்கையை நீட்டுகின்றது. கட்டுரையை வெளியிடும் தனியுரிமை தனக்கே என்பது அதன் பொருள். கையெழுத்திட்ட அளவிலே, எழுதியவரே தம் எழுத்தைப் பிறர்க்கு வழங்க இசைவு கேட்டு நிற்கின்றார். அவர் பணிபுரியும் பல்கலைக்கழக நூலகமோ அதே இதழை விலைகொடுத்து வாங்குகின்றது. உழுதவன் தன் களத்து நெல்லையே கடையில் வாங்குவது போன்றதன்றோ இது?

"கையெழுத்திடாது விடுவதுதானே?" எனின், அஃது எளிதன்று. பெயர்பெற்ற இதழில் எழுதினாலன்றி ஆய்வாளர்க்குப் பணியும் பணியுயர்வும் நல்கையும் வாய்த்தல் அரிது. வலிமை ஒவ்வாத இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் விருப்பம் என்பது பெயரளவினதே. ஆகலின், சட்டமே எளியார்பால் நிற்றல் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் சில அவ்வாறே செய்துள்ளன.

செருமனி தன் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அது 2014 சனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆய்வுக்கான நல்கையில் பாதியேனும் பொதுப்பணமாகவும், கட்டுரை வந்த இதழ் ஆண்டுக்கு இருமுறையேனும் வெளிவருவதாகவும் இருப்பின், 12 திங்கள் கழித்து ஆய்வாளர் அதனை இணையத்தில் யாவர்க்கும் திறந்து வைக்கலாம். வணிக நோக்கம் கூடாது. முதலில் வெளியிட்ட இதழைக் குறித்தல் வேண்டும். 2015-இல் ஆத்திரியாவும் நெதர்லாந்தும், 2016-இல் பிரான்சும், 2018-இல் பெல்சியமும் இவ்வகை உரிமையைச் சட்டமாக்கின.

இச்சட்டங்களின் உயிர்நிலை யாது? தனியுரிமையை எழுதிக் கொடுத்த பின்னரும் ஆய்வாளர்க்கு இவ்வுரிமை நிற்கும் என்பதே. ஆய்வாளர்க்கு ஊறாக இதனின்று வழுவும் எவ்வுடன்படிக்கையும் செல்லாது என்கின்றது செருமானியச் சட்டம். மாறான கூற்று எழுதப்படாததாகவே கொள்ளப்படும் என்கின்றது பிரெஞ்சுச் சட்டம். பறித்துக்கொள்ள இடந்தரும் உரிமை வலியார் கைக்கே போய்ச் சேரும். பறிக்கவொண்ணாமையே உரிமைக்கு வேலி.

இவ்வேலியிலும் இடைவெளிகள் உள. திறந்து வைக்கத்தக்கது, மதிப்பீடு முடிந்து இதழ் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் படியே. பதிப்பகம் அச்சிட்ட வடிவம் அன்று. இவ்வரம்பு செருமனியிலும் பிரான்சிலும் உண்டு. அச்சுப் பக்கவெண் சுட்டி மேற்கோள் காட்டும் துறையினர்க்கு இஃது இடர்ப்பாடே. செருமனியில் தொகுப்பு நூற் கட்டுரைகளுக்கும் தனி நூல்களுக்கும் இவ்வுரிமை இல்லை. காத்திருப்பும் உண்டு. பிரான்சில் அறிவியல், மருத்துவத் துறைகளுக்கு 6 திங்கள். மாந்தவியல், குமுகவியல் துறைகளுக்கு 12 திங்கள். பதிப்பகங்களின் முதலீடு வீணாகாமற் காக்கவே இவ்விடைக்காலம் என்பர். அம்முறையீட்டை முற்றும் தள்ளுதற்கில்லை. ஆனால், மருந்து பற்றிய ஓர் உண்மைக்காக நோயாளியும் ஆறு திங்கள் காத்திருக்க வேண்டுமோ என்னும் கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

இவற்றினும் பெரிய இடைவெளி அறியாமை. உரிமை இருப்பதை அறியாதவர்க்கு அஃது இருந்தும் இல்லாததே. நெதர்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. அந்நாட்டுச் சட்டம் "தக்க காலம்" கழித்து என்று மட்டுமே கூறிற்று. 2019-இல் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் அதனை 6 திங்கள் எனக் கொண்டன; ஆய்வாளர் இசைவளித்தாற் போதும், திறந்து வைக்கும் பணியை நூலகமே செய்யும் என முன்வந்தன. தனி ஒருவர் அஞ்சித் தயங்குமிடத்தில் நிறுவனம் துணைநின்றது.

எனவே, பெருமக்களே, வேண்டுவன மூன்று. பறிக்கவொண்ணா உரிமையைச் சட்டம் தருதல் வேண்டும். அதனைச் செயற்படுத்தும் சுமையைக் கல்வி நிறுவனம் தாங்குதல் வேண்டும். இதழ் ஏற்றுக்கொண்ட படியை ஆய்வாளர் தொலைக்காது பேணுதல் வேண்டும். அப்படி இல்லையேல் உரிமை இருந்தும் திறந்து வைக்க ஒன்றும் இராது. மக்கள் பணத்தால் விளைந்த அறிவு மக்களைச் சென்றடையும் வழி இதுவே.